திரையில் சிதைந்த திருவள்ளூர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் கணிப்பொறியிலே, கரிய கட்டளைத்திரையில் ஊதியப் பட்டியலைக் கண்டேன். ‘திருவள்ளூர்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் கிரேக்க ஆல்பாவும் கோண மேற்கோட்குறிகளும் விரவிக் கிடந்தன. தொழிலாளர் பெயர்களும் அவ்வாறே. எவர் கூலி எவருக்கு? கோப்பு கெட்டதென்று எண்ணி எழுத்தர் அதை அழிக்க முற்பட்டார், தடுத்தேன்.

கெட்டது கோப்பன்று, படிக்கும் முறை. கணிப்பொறி அறிவது எண்ணையே. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ‘அ’வுக்கு மூன்று பைட்டுகள். திருவள்ளூர் நம் கண்ணுக்கு ஆறெழுத்து. புள்ளியும் துணைக்குறியும் தனியெண் பெறுவதால் 11 குறிகள், ஆகவே 33 பைட்டுகள். அத்திரை பின்பற்றிய 437 என்னும் பழைய குறிப்பக்கமோ ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தென்றே கொள்ளும். முப்பத்துமூன்று கிறுக்கல்கள் தோன்றியதில் வியப்பென்ன?

‘சிஎச்சிபி 65001’ எனக் கட்டளையிட்டுக் கோப்பை மீண்டும் காட்டச் செய்தோம். இப்போது வெறுங்கட்டங்கள்! அஃது எழுத்துருவின் குறை. தமிழ் எழுத்துருவைத் தானே தேடிக்கொள்ளும் புதிய விண்டோஸ் டெர்மினலில் திறந்ததும் பெயர்கள் தெளிந்தன.

தமிழக அரசு 2010இல் யூனிக்கோடை ஏற்பதற்கு முன், டாப், டாம் முறைகளில் எழுதப்பெற்ற கோப்புகளுக்கு இம்மருந்து பலியாது. அவற்றை யூனிக்கோடுக்கு மாற்றியே தீரவேண்டும்.

எழுத்தர் முதற்பெயரை உரக்கப் படித்தார். வாயிலில் நின்றவர் “நான்தான் ஐயா” என்றார்.