உங்களுக்குத் தெரியுமா? – க்வேக் பூதங்களின் ரகசியங்கள்

'க்வேக்' 1996 ஜூன் 22 அன்று வெளியானது. டெக்சாஸில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் தயாரிப்பு. இருண்ட கோட்டைகள், கொதிக்கும் நெருப்புக்குழம்பு, சுவரில் ஆணியடித்த பிணங்கள், நடுவே துப்பாக்கியோடு நீங்கள் ஒருவர். பாஸ்களை விட்டுவிட்டால் எதிரிகள் மொத்தம் பதின்மூன்றே வகை. இன்றைய விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கில் அரக்கர்களைக் கொட்டுகிறார்கள். ஆனால் இந்தப் பதின்மூன்று பேரை மறந்தவர் யாரும் இல்லை. சுட்டால் சாவார்கள் என்று நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு.

நான்கு புள்ளியில் தப்பும் ஜாம்பி

இந்த விளையாட்டின் ஜாம்பிக்கு ஹெல்த் வெறும் 60. ஓகர் என்ற முரட்டுத் தடியனுக்கு 200. அப்படியானால் ஜாம்பி எளிதில் சாக வேண்டுமே? சாகாது. ஒவ்வொரு முறை அடிபடும்போதும் அதன் ஹெல்த் மறுபடி 60 ஆகிவிடும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். ஐம்பது ஐம்பதாக நாள் முழுக்கச் சுட்டாலும் விழும், எழும், தன் உடம்பிலிருந்து சதையைப் பிய்த்து உங்கள் மேல் வீசும். ஒரே அடியில் 60 போக வேண்டும், அதுதான் கணக்கு.

இனி இரட்டைக்குழல் ஷாட்கன்னைப் பாருங்கள். ஒரு வெடிக்கு 14 ரவைகள், ரவைக்கு 4 புள்ளி. பதினான்கும் நெஞ்சில் பாய்ந்தாலும் 56 தான். நான்கு புள்ளி குறைகிறது! தற்செயலாக அமைந்த கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. ஜாம்பி இருக்கும் அறைக்குள் கையெறிகுண்டோ ராக்கெட்டோ இல்லாமல் நுழையாதே என்று மிரட்டுவதற்காகவே வைத்த இடைவெளி அது. நான்கு மடங்கு சேதம் தரும் 'குவாட்' கையில் கிடைத்துவிட்டால் கதையே வேறு. அப்போது சாதாரணக் கோடரியால் ஒரு வெட்டு வெட்டினாலும் 80 புள்ளி, ஜாம்பி தூள்.

சுவரில் சிலுவையில் அறைந்தபடி முனகும் ஜாம்பிகளும் உண்டு. அவை வெறும் அலங்காரம். தோட்டாவை வீணாக்க வேண்டாம்.

ஷாம்ப்ளரும் ராக்கெட்டும்

வெள்ளை உடம்பு, கண் இல்லாத முகம், ரத்தம் சொட்டும் நகங்கள், இரண்டு கைகளையும் உயர்த்தினால் மின்னல். க்வேக்கின் முத்திரை அரக்கன் ஷாம்ப்ளர்தான். ஹெல்த் 600. அவனைக் கண்டதும் எல்லோர் கையும் ராக்கெட் லாஞ்சரைத்தான் தேடும். அங்கேதான் தவறு நடக்கிறது. வெடிபொருள்களால் அவனுக்குப் பாதிச் சேதம்தான். பெரிய ஆயுதத்தை எடுத்தவன் தோற்று, ஆணித்துப்பாக்கியையோ இரட்டைக்குழலையோ எடுத்தவன் ஜெயிக்கும் இடம் இது.

மின்னலுக்குத் தப்ப ஒரு தூண் போதும். அவன் கைகள் மேலே போகும்போதே அதன் பின்னால் ஒதுங்கிவிட வேண்டும். தைரியசாலிகள் வேறு ஒன்று செய்வார்கள். அவன் கைக்கெட்டும் தூரத்துக்குள் போய், நகம் இறங்கும் நேரத்தில் பின்வாங்கி, மறுபடி முன்னேறிச் சுடுவார்கள். இதற்கு 'ஷாம்ப்ளர் நடனம்' என்றே பெயர். நன்றாக ஆடினால் மின்னலும் வராது, அடியும் விழாது. சறுக்கினால் அடுத்த நொடி பழைய சேமிப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

அவன் உடம்பில் இருப்பது ரோமமா தோலா என்று ரசிகர்கள் பல்லாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். நான் தோல் கட்சி.

உயரம் தெரியாத ஓகர்

ஒரு கையில் ரம்பம், மறு கையில் குண்டு எறியும் குழல். அறைக்குள் நுழையும் முன்பே ரம்பத்தைத் தரையில் இழுத்துவரும் சத்தம் காதில் விழும். பயங்கரமானவன்தான், ஆனால் குறி பார்ப்பதில் ஒரு பெரிய ஓட்டை. அவன் எறியும் குண்டு மேல்நோக்கிப் போகும் வேகம் எப்போதும் ஒரே அளவு. நீங்கள் மாடியில் நின்றாலும் பள்ளத்தில் நின்றாலும் அவன் அதே வீச்சைத்தான் வீசுவான். அவனைவிட நன்கு உயரமான திட்டில் ஏறிக்கொண்டால் பெரும்பாலான குண்டுகள் கீழேயே வெடிக்கும். பின்னாளில் சொந்தமாக லெவல் செய்த ரசிகர்கள் சிலர் இந்தக் குறையைத் திருத்தி, உயரம் அறிந்து எறியும் ஓகர்களை இறக்கினார்கள். அந்த லெவல்களில் போய் அடிவாங்கிப் பாருங்கள், பழைய ஓகரின் அருமை தெரியும்.

துரத்தும் பந்து

வோர் என்பது மூன்று கால் சிலந்தி உடம்பு கொண்ட ஜந்து. நிரலில் அதற்கு 'ஷால்ராத்' என்று வேறு பெயர். அது ஏவும் முள்பந்து உங்களைத் தேடித் தேடி வரும், மூலை திரும்பினாலும் விடாது. சாதாரண நிலைகளில் அந்தப் பந்தின் வேகம் 250. நீங்கள் ஓடும் உச்ச வேகம் 320. ஆக, ஓடித் தப்பலாம். மிகக் கடினமானதாகச் சொல்லப்படும் 'நைட்மேர்' நிலையில் பந்தின் வேகம் 350 ஆகிறது. இப்போது ஓட்டம் உதவாது. பந்து ஏதாவது சுவரில் மோதும்படி சட்டென்று மூலையில் ஒடிந்து திரும்பினால்தான் உயிர் மிஞ்சும்.

அதே பந்தை ஒரு ஜாம்பியின் மேல் மோதவிட்டால்? ஜாம்பிக்கென்றே தனியாக 110 புள்ளி சேதம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே மோதலில் சிதறும்.

கூட இருந்தே குழிபறிப்பவர்கள்

அரக்கர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவது பழைய வித்தை. ஐடி சாஃப்ட்வேரின் முந்தைய விளையாட்டான 'டூம்' காலத்திலிருந்தே உண்டு. ஒருவன் சுட்டது குறுக்கே நின்ற வேறு வகை அரக்கன் மேல் பட்டால், பட்டவன் உங்களை விட்டுவிட்டு அவனைத் துரத்துவான். ஒரே இனத்துக்குள் சண்டை வராது. இதற்கு ஒரே ஒரு விலக்கு, சாதாரணச் சிப்பாய்கள். ஷாம்ப்ளர் ஷாம்ப்ளரை அடிக்காது, ஓகர் ஓகரை அடிக்காது. மனிதனாக இருந்த சிப்பாய் மட்டும் சக சிப்பாயின் குண்டு பட்டதும் திருப்பிச் சுடுவான். எழுதியவருக்குக் குறும்பு அதிகம்.

பாயும் ஃபீண்ட்

கைக்குப் பதில் அரிவாள் கொண்ட ஃபீண்ட், ஒரே பாய்ச்சலில் பாதி உயிரைக் குடித்துவிடும். ஆனால் மிக அருகில் இருந்தால் பாயாது. வெகு தூரத்தில் இருந்தாலும் அநேகமாகப் பாயாது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து. பெரும்பாலோர் பயந்து பின்வாங்கிச் சரியாக அந்த இடைவெளியில் போய் நிற்பார்கள். ஃபீண்டுக்கு அதுதான் வேண்டும்.

நைட்மேர் உண்மையிலேயே கடினமா?

இந்த நிலைக்குப் போகும் வாசலே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதில் அரக்கர்களின் ஹெல்த் கூடுவதில்லை. இரண்டு மாற்றங்கள்தான் முக்கியம். அடிபட்டதும் துடித்து நிற்பது குறைகிறது. ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எடுக்கும் ஓய்வு இல்லாமல் போகிறது. இதில் எதிர்பாராத விளைவு ஒன்று: தூரத்திலிருந்து சுடும் எதிரிகள் உங்களை நோக்கி வராமல் நின்ற இடத்திலேயே நின்று சுட்டுக்கொண்டிருப்பார்கள். பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர்கள் சிலர், இதற்குக் கீழே உள்ள 'ஹார்ட்' நிலையே மேல் என்று சொல்வது இதனால்தான்.

பாஸ் இரண்டே இரண்டு

நான்கு அத்தியாயங்கள் கொண்ட விளையாட்டில் பாஸ்கள் இருவர்தான். முதல் அத்தியாயத்தின் முடிவில் சிதோன், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஷப்-நிக்குரத். நடுவில் இரண்டு, மூன்று, நான்காம் அத்தியாயங்களின் முடிவில் பெயர் சொல்லும்படி யாரும் இல்லை. அது குறைதான், சப்பைக்கட்டு கட்ட முடியாது.

ஆனால் இருக்கிற இருவரையும் துப்பாக்கியால் கொல்ல முடியாது என்பதுதான் விசேஷம். சிதோன் நெருப்புக்குழம்புக்குள்ளிருந்து இடுப்பளவு எழுந்து, குழம்பையே உருட்டி உங்கள் மேல் எறிவான். எந்தக் குண்டும் அவனைத் தொடாது. மேலே ஏறிப் பொத்தான்களை அழுத்தி, இரண்டு மின்தூண்களை அவன் தலைக்கு இருபுறமும் இறக்கி, மின்சாரத்தைப் பாய்ச்ச வேண்டும். எளிய நிலையில் ஒரே அதிர்ச்சியில் போய்விடுவான். மற்ற நிலைகளில் மூன்று வேண்டும். முதல் அத்தியாயம் இலவசமாக விநியோகிக்கப்பட்டதால், பணம் கொடுத்து வாங்காத லட்சக்கணக்கானவர்களுக்கும் தெரிந்த பாஸ் இவன் ஒருவன்தான்.

ஷப்-நிக்குரத் அசைய மாட்டாள், அடிக்கவும் மாட்டாள். குழிக்குள் நெளியும் ஒரு பெரும் சதைக்குன்று, அவ்வளவே. அவளைச் சுற்றி நிற்கும் ஷாம்ப்ளர்களும் வோர்களும் பார்த்துக்கொள்வார்கள். அவள் ஹெல்த் 40,000. நேராகப் பட்டால் ஒரு ராக்கெட் 100 முதல் 120 வரை குறைக்கும். நீங்கள் சுமக்க முடிந்தது 100 ராக்கெட். கணக்குப் போட்டுப் பார்த்து மனம் தளர வேண்டாம், ஏனென்றால் அந்தக் கணக்கே செல்லாது. ஒவ்வொரு அடிக்கும் அவள் ஹெல்த் மறுபடி 40,000 ஆகிவிடும். ஆம், ஜாம்பியின் அதே தந்திரம்! படையின் கடைசிப் பிணத்துக்கும் தலைவிக்கும் ஒரே விதி.

ஒரே அடியில் 40,000 எடுப்பது எப்படி? ஒருவர் நிற்கும் இடத்தில் இன்னொருவர் டெலிபோர்ட்டர் வழியாக வந்து இறங்கினால், நின்றவர் சிதறுவார். இதற்கு 'டெலிஃப்ராக்' என்று பெயர். அதன் சேதம் 50,000. குகைக்குள் ஒரு முள் உருண்டை மிதந்து சுற்றிவரும். டெலிபோர்ட்டர் உங்களை அந்த உருண்டை இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடும். உருண்டை ஷப்-நிக்குரத்தின் உடலுக்குள் நுழையும் கணம் பார்த்து நீங்கள் டெலிபோர்ட்டருக்குள் கால் வைக்க வேண்டும். இதைச் சப்பென்ற முடிவு என்று திட்டியவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலரோடு சேர்ந்து ஆடும்போது நண்பனை வெறுப்பேற்றப் பயன்பட்ட விபத்து ஒன்றை எடுத்துக் கடைசிப் பாஸைக் கொல்லும் ஆயுதமாக்கியது கெட்டிக்காரத்தனம்.

பெயர் எங்கிருந்து?

ஷப்-நிக்குரத் என்ற பெயர் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டின் கற்பனை. அவர் கதைகளில் அந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லி அழைப்பார்களே தவிர, அது நேரில் வருவதில்லை. க்வேக்கில் வந்தது. லெவல் வடிவமைப்பாளர்களில் ஒருவரான சாண்டி பீட்டர்சன், லவ்கிராஃப்ட் உலகை வைத்து 1981இல் 'கால் ஆஃப் குதுலூ' என்ற மேசை விளையாட்டை உருவாக்கியவர். நான்காம் அத்தியாயம் அவர் கைவண்ணம். விளையாட்டின் இசை நைன் இஞ்ச் நெயில்ஸின் டிரென்ட் ரெஸ்னருடையது. ஆணித்துப்பாக்கிக்கான தோட்டாப் பெட்டிகளை உற்றுப் பாருங்கள், அந்த இசைக்குழுவின் முத்திரை இருக்கும்.

உறவினர் வீட்டிலும் எட்டிப் பார்ப்போம்

'டூம் 2' (1994) விளையாட்டின் கடைசிப் பாஸ் சுவரில் பதித்த ஒரு பிசாசு முகம். அதன் மண்டைக்குள் ஒளிந்திருப்பது வடிவமைப்பாளர் ஜான் ரொமேரோவின் வெட்டிய தலை. ராக்கெட் படுவது அதன் மேல்தான். அதே ஆண்டு ரேவன் நிறுவனம் உருவாக்கிய 'ஹெரெடிக்' மந்திர உலகில் ஒரு முட்டை உண்டு, எறிந்தால் எதிரி கோழியாகிவிடுவான். டூமில் சாகாவரம் தரும் திருட்டுக் குறியீட்டை ஹெரெடிக்கில் தட்டச்சு செய்தால் நீங்களே செத்து விழுவீர்கள்.

கடைசியாக ஒரு மீன்

க்வேக்கில் மிகச் சாதாரண எதிரி, குளத்தில் நீந்தும் அழுகல் மீன். ஹெல்த் 25. ஆனால் நிரலில் ஒரு பிழை: மொத்த எதிரிகள் எண்ணிக்கையில் ஒவ்வொரு மீனும் இரண்டு முறை சேர்க்கப்படுகிறது. செத்தால் ஒரு முறைதான் கழியும். எனவே 1996 பதிப்பில் மீன் உள்ள லெவல்களில் எல்லோரையும் கொன்றாலும் கணக்கு நிறையாது. அந்தப் பதிப்பை விளையாடுகிறவர்கள், விட்டுப்போன எதிரியைத் தேடிக் குளத்தை மறுபடி துழாவ வேண்டாம். வெளியேறும் வாசலைப் பார்த்து நடையைக் கட்டுங்கள்.