மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்

2023 டிசம்பர் 21 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அப்போது உயர்கல்வி அமைச்சராயிருந்த க. பொன்முடிக்கும் அவர் மனைவிக்கும் சொத்துக் குவிப்பு வழக்கில் மூன்றாண்டு சாதாரணச் சிறையும் தலா 50 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீடு செய்ய வசதியாகத் தண்டனை 30 நாள் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 மார்ச் 11 அன்று குற்றத்தீர்ப்புக்கே உச்சநீதிமன்றம் தடை விதித்தது. மார்ச் 22 அன்று அவர் மறுபடியும் அமைச்சர்.

இப்படியொரு தீர்ப்பு வந்தால் படப்பை பஸ் ஸ்டாப்பிலோ ஒரகடம் டீக்கடையிலோ ஷிப்ட் முடிந்து நிற்கிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: 'மூணு வருஷமாம். உள்ள போவாருன்றே? போவ மாட்டாரு.' இதைக் கேட்டதும் நம்மில் பலர் 'வெகுசன அலட்சியம்', 'அரசியல் நீக்கம்' என்று எழுதத் தொடங்கிவிடுகிறோம். அலட்சியமா அது? சட்டத்தை ஒருவர் இதைவிடச் சுருக்கமாக, இதைவிடச் சரியாக வாசித்துவிட முடியாது என்பதே இங்கு சொல்ல விரும்புவது.

'மூன்று' என்பது நம் குற்றவியல் நடைமுறையில் வெறும் எண்ணல்ல, ஒரு கதவு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389(3)ஆம் பிரிவு (2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 430ஆம் பிரிவு) சொல்வது இது: ஜாமீனில் இருக்கும் ஒருவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை கொடுத்தால், மேல்முறையீடு செய்யும்வரை தண்டித்த கோர்ட்டே அவரை ஜாமீனில் விட வேண்டும், மறுப்பதென்றால் தனிக்காரணம் சொல்ல வேண்டும். மூன்றைத் தாண்டிவிட்டால் இந்தக் கதவு இல்லை. மேல்கோர்ட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும், அதுவரை உள்ளேதான்.

ஜெயலலிதாவின் இரண்டு தண்டனைகளைப் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். 2000 அக்டோபரில் டான்சி நிலவழக்கில் மூன்றாண்டு: சிறைக்குப் போகவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் தனி நீதிமன்றத்தில் சொத்துக் குவிப்பு வழக்கில் நான்காண்டும் 100 கோடி அபராதமும்: அன்றே பரப்பன அக்ரஹாரா. உச்சநீதிமன்றம் ஜாமீன் கொடுத்து அவர் வெளியே வந்தது அக்டோபர் 18இல். ஓராண்டு வித்தியாசம் என்பது உண்மையில் வீட்டுக்கும் சிறைக்குமான வித்தியாசம். எந்த நீதிபதி எந்த எண்ணத்தில் எந்த எண்ணைத் தேர்ந்தார் என்பதல்ல நம் கேள்வி. அந்த எண் என்ன வேலை செய்கிறது என்பதுதான்.

'சட்டத்தைக் கடுமையாக்கினால் சரியாகிவிடும்' என்ற நடுத்தர வர்க்க நம்பிக்கையையும் பார்த்துவிடலாம். ஆக்கிவிட்டார்கள். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 13(2)இன்படிக் குறைந்தபட்சம் ஓராண்டு, அதிகபட்சம் ஏழு. லோக்பால் சட்டத்தோடு சேர்ந்து 2014 ஜனவரியிலிருந்து அது நான்கு முதல் பத்தாண்டு என்று மாறியது. மூன்றாண்டுக் கதவு சாத்தப்பட்டதா? புதிய குற்றங்களுக்கு மட்டும். குற்றம் நடந்த காலத்துச் சட்டம் சொன்னதைவிடக் கூடுதலாகத் தண்டிக்கக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20ஆவது பிரிவு. அந்தப் பாதுகாப்பு யாருக்கும் வேண்டியதுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொன்முடி வழக்கு 2006-2011 ஆட்சிக் காலத்துச் சொத்து பற்றியது. 2011இல் பதிவாகி, 2016இல் விழுப்புரத்தில் விடுதலையாகி, 2023இல் உயர்நீதிமன்றத்தில் தண்டனையானது. வழக்கு இழுக்க இழுக்கப் பழைய சட்டமே ஆண்டுகொண்டிருக்கும். தண்டனையின் அளவை நிர்ணயிப்பதில் தாமதத்துக்கும் ஒரு பங்குண்டு.

சரி, எதிர்வினை? தமிழ்நாட்டில் ஊழல் தீர்ப்புக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் யார்? தண்டனை போதவில்லை என்றவர்களல்ல. தண்டனையே கூடாது என்றவர்கள். 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் ப்ளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை. அன்றைக்கே தர்மபுரி அருகே பஸ் கொளுத்தப்பட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் எரிந்து செத்தார்கள். அந்த ஓராண்டில் ஒருநாள்கூட அவர் சிறையில் கழிக்கவில்லை. 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. நடக்காத தண்டனைக்காக மூன்று உயிர். 2014இல் கடையடைப்பு, கல்வீச்சு, மொட்டை, அழுதுகொண்டே பதவியேற்ற அமைச்சரவை. செய்தித்தாள்கள் இதையே 'மக்கள் எதிர்வினை' என்று கட்டமைத்தன. டீக்கடைப் பேச்சு எந்தப் பத்திரிகையிலும் எதிர்வினையாகப் பதிவாவதில்லை. பதிவாகாத ஒன்றை 'இல்லாத ஒன்று' எனக் கொள்வது நம் பிழை.

தண்டனை அமைப்பு சட்டமீறல்களை ஒழிப்பதில்லை, அவற்றைத் தரம் பிரித்து நிர்வகிக்கிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். பொருளைத் திருடுகிறவனுக்குச் சாதாரணக் கோர்ட்டும் சிறையும். சட்டத்தின் இடுக்குகளில் புழங்குகிறவனுக்குப் பேரம், சமரசம், குறைந்த அபராதம். இதைப் புரிந்துகொள்ள பாரீசுக்குப் போக வேண்டியதில்லை. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் எந்தக் கம்பெனி கேட்டுக்கும் போகலாம். நிலையாணைகளின்படித் திருட்டு 'கடும் ஒழுங்கீனம்'. நிரந்தரத் தொழிலாளியென்றால் உள்விசாரணை வைத்து டிஸ்மிஸ். மேல்முறையீடு முடியும்வரை வேலையில் வைத்திருப்பதில்லை. காண்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணையும் கிடையாது: 'நாளைலருந்து வராத.' போலீசில் கொடுத்து, ஜாமீனுக்கு ஆள் கிடைக்காவிட்டால் தீர்ப்புக்கு முன்பே சிறை. 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேல் விசாரணைக் கைதிகள். ஒரு பக்கம் தண்டனை உண்டு, சிறை இல்லை. இன்னொரு பக்கம் சிறை உண்டு, தண்டனை இல்லை. டீக்கடைக்காரர் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறார்.

ஆகவே 'மூன்று போதாது, பத்து கொடு' என்று கேட்பது நம் வேலையல்ல. சிறை நீளுவதால் பறிபோனது திரும்பி வராது. கேட்க வேண்டியது சொத்து எங்கே என்று. 2014 தீர்ப்பில் பறிமுதல் செய்யச் சொன்னது ஆறு கம்பெனிகளின் நிலங்களை. அவற்றில் ஒன்றான மெடோ அக்ரோ ஃபார்ம்ஸ் நிலம் வாங்கியது இதே சாலையின் மறுகோடியில், வாலாஜாபாத் அருகே ஊத்துக்காட்டில். 2015 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் கடன்களைக் கூட்டியதில் பதின்மூன்றரைக் கோடி அதிகமாக வந்திருந்தது பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தவர்களுக்கே புரிந்தது. 2017 பிப்ரவரி 14இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதல் குற்றவாளி அதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். 27 கிலோ நகையும் 1,526 ஏக்கருக்கான பத்திரங்களும் தமிழக அரசின் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில். வழக்கு தொடங்கியது 1996இல்.

சென்ட் கணக்கில் நிலம் விற்கும் இந்தச் சாலையில் ஏக்கர் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒரு விவசாயி விற்றது, அல்லது விற்க வைக்கப்பட்டது. அது ஏலத்துக்குப் போய் இன்னொரு கம்பெனியின் சுற்றுச்சுவருக்குள் போகப்போகிறதா, அந்தந்த ஊரின் நிலமற்றவர்களுக்குப் பட்டாவாகப் போகிறதா? தண்டனை எத்தனை வருஷம் என்பதை நீதிபதி முடிவு செய்வார். இதை நாம் கேட்டால்தான் உண்டு.