பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள்

ஓட ஆரம்பித்து விட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "நமக்கு அது ஒத்து வரலைங்க, நூறடி போறதுக்குள்ள மூச்சு வாங்குது" என்பார்கள். பள்ளி விளையாட்டு விழாவோடு ஓட்டத்தை நிறுத்தியவர், அதன்பின் இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், ஒரு நாள் விடியற்காலையில் அந்தப் பழைய வேகத்திலேயே கிளம்புகிறார். நெஞ்சு படபடக்கிறது, விலா பிடித்துக்கொள்கிறது, மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. அந்த வாரத்தோடு ஷூ அலமாரிக்குள் போய்விடுகிறது. இவர்களில் பெரும்பாலோர் ஓடக்கூடியவர்கள்தான். அவர்கள் தேர்ந்தெடுத்த வேகம்தான் அவர்களைத் தோற்கடித்தது.

புதிதாக ஓடுகிறவருக்கு வேண்டிய வேகம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்து வந்தால் அவரோடு சேர்ந்தே போய்விடலாம், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே, திணறாமல், ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சிழுத்தால் வேகம் அதிகம், உடனே குறையுங்கள். தனியாக ஓடுகிறவர்கள் மெல்லிய குரலில் ஏதாவது சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். கைக்கடிகாரமோ செயலியோ இல்லாமலே உங்கள் அளவைச் சொல்லிவிடும் சோதனை இது.

ஆக்லாந்தில் தொடங்கியது

1962-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் சாதாரண மக்களுக்காக ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல் இவருடைய மாணவர். உலகின் மிக வேகமான ஓட்டக்காரர்களை உருவாக்கியவர்தான், தொப்பை விழுந்தவர்களையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்துக்கொண்டு மிக மெதுவாக ஓடச் சொன்னார். மாரடைப்பு வந்தவர் படுக்கையில் கிடக்க வேண்டும் என்று பொதுவாக நம்பப்பட்ட காலம் அது.

அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர். அப்போது வயது 51. பெரிய வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தாலும் அவரே ஓடி வெகுநாள் ஆகியிருந்தது. லிடியார்டின் குழுவோடு கிளம்பியவர் கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு வந்து மீண்ட ஒரு முதியவர்தான் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார். ஊர் திரும்பிய பவர்மன் இந்த முறையைப் பரப்பினார். ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து 1967-ல் ‘ஜாகிங்’ என்ற புத்தகத்தையும் வெளியிட்டார். இன்று மெரினாவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் காலையில் மெதுவாக ஓடுகிறவர்கள் செய்வது அந்த ஆக்லாந்துக் குழு செய்ததைத்தான்.

மெதுவாக ஓடினால் பலன் இருக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் 55,000-க்கும் மேற்பட்டோரைச் சராசரியாக 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. ஓடாதவர்களோடு ஒப்பிட்டால், ஓடுகிறவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 45 சதவீதம் குறைவாக இருந்தது. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம், அதுவும் மெதுவாக ஓடியவர்களிடமும் கணிசமான பலன் தெரிந்தது.

முதல் ஒன்பது வாரம்

1996-ல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் தன் அம்மாவை மனதில் வைத்து ஒரு பயிற்சித் திட்டம் எழுதினார். ‘கவுச் டு 5கே’ என்று உலகம் முழுக்கப் பரவிய அது, சோபாவிலிருந்து எழுந்து வருகிறவரை ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடவைக்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையே இதை மக்களுக்குப் பரிந்துரைக்கிறது.

வாரம் மூன்று நாள் மட்டும் ஓட்டம். முதல் வாரம் ஐந்து நிமிடம் நன்றாக நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை. மூன்றாம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டம் வந்துவிடும், நான்கில் ஐந்து நிமிடம். ஐந்தாம் வாரத்தின் கடைசி நாளில் 20 நிமிடம் ஒரே மூச்சாக ஓட வேண்டும். பலர் மிரள்வது இந்த இடத்தில்தான். மிரள வேண்டாம். ஐந்தாம் வாரத்தை மூன்று முறை திருப்பிச் செய்தாலும் தப்பில்லை. ஒன்பது வாரம் பதினெட்டு வாரம் ஆனால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. நடுவில் நடப்பதைத் தோல்வியாக நினைக்கவே நினைக்காதீர்கள். அந்த நடை பயிற்சியின் பாதி.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 நிமிடத் தீவிர உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அரை மணி வீதம் மூன்று நாள் ஓடினாலே அந்த 75 நிமிடத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள்ளேயே உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அடுத்த சில வாரங்களில் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. ஆகவே ஒரு மாதத்தில் மூச்சு வாங்குவது நன்றாகக் குறைந்துவிடும். உற்சாகம் பொங்கும் நேரம் இது.

ஆனால் தசைநாண்களும் எலும்பும் இந்த வேகத்தில் மாறுவதில்லை. தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. எலும்போ புது பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இதற்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 140 முதல் 210 கிலோ. மூச்சு தயார் என்பதற்காக நான்காம் வாரத்தில் தினமும் ஓட ஆரம்பிப்பவரின் முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பு வலிக்கத் தொடங்குவது இதனால்தான்.

அந்த வலியைப் பிரித்தறியத் தெரிந்துகொள்ளுங்கள். கணைக்கால் எலும்பின் உட்புறம் நெடுக ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்தால், ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் பெரும்பாலும் போதும். ஒரே புள்ளியில், விரல் வைத்தால் சுரீரென்று வலித்தால், நடக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது.

முட்டி தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வறிக்கை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு மட்டுமே முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3. அளவோடு ஓடுவது மூட்டைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மூட்டில் பழுது உள்ளவர்களும் எடை மிக அதிகமாக உள்ளவர்களும் மட்டும் சில மாதங்கள் நடந்து, தொடைத் தசையைப் பலப்படுத்திவிட்டு ஓட்டத்துக்கு வருவது நல்லது.

யார் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்

நாற்பதைத் தாண்டி உட்கார்ந்தே வாழ்ந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் எல்லாரும் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றி விழப்போவது போன்ற உணர்வு வந்தால் நின்றுவிடுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஓட்டம் அவர்களுக்கு மிக நல்லது. ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். பையில் குளுக்கோஸோ சாக்லேட்டோ இருக்கட்டும். திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி மரத்த காலில் காயம் வலிக்காது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல். ஓடினால் மூச்சு வாங்குகிறது, கால் சோர்கிறது என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பெண்ணுக்கு உண்மையில் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதித்துக்கொள்ளலாம். பிரசவமானவர்கள் குறைந்தது மூன்று மாதமாவது ஓட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலோருக்கு இது நன்றாகக் குறையும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவைப் போலவே அவசியம்.

நம் ஊர் வெயிலும் தெருவும்

கடலோர ஊர்களில் காலை ஐந்தரை மணிக்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, உலராவிட்டால் உடம்பு குளிராது. அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் கூடுதலாகத் துடிக்கும். கோடையில் இன்னும் மெதுவாக ஓடுவதுதான் சரி. வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தலைவலி, குமட்டல், சிலிர்ப்பு வந்தால் அன்றைக்குப் போதும் என்று நிழலுக்கு வந்துவிடுங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் வேண்டும். விலை அதிகம் என்பதற்காக ஒரு ஷூ உங்கள் காலுக்குப் பொருந்திவிடாது. கடற்கரையில் உதிரி மணலில் ஓடுவதைத் தொடக்கத்தில் தவிருங்கள், குதிகால் தசைநாண் தாங்காது.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போட்டாக வேண்டும். தெருவில் தனியாக ஓடத் தயங்கும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பள்ளி மைதானத்திலோ பூங்காவிலோ தொடங்கலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரியுங்கள்.

எடைக்காக ஓடுகிறவர்களுக்கு

ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 70 கிலோ உள்ளவர் மூன்று கிலோமீட்டர் ஓடினால் சுமார் 210 கலோரி. ஓடி முடித்துக் கடையில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எடை குறைய வேண்டுமானால் தட்டையும் பார்த்தாக வேண்டும். ஆனால் எடை இயந்திரத்தின் முள் அசையாவிட்டாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை எல்லாம் முன்னேறும். இரண்டு மாதம் கழித்து முள்ளைப் பார்த்து மனம் சோர்ந்து நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மற்றவர்கள் நாளைக் காலை ஐந்து நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் ஓடிப் பாருங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே போகலாம்.