பாட்டி ஏன் குந்தக்கூடாது?

மாணவர்களே, ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்குத் தரையில் குந்துவது பழகிப்போன ஒன்று. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் அதற்குத்தான் முதல் தடை. காரணம் என்ன?

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழியில் சுழல்கிறது. இடையிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்தால், எலும்போடு எலும்பு உரசி வலிக்கும். 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் பொருத்தி இதற்கு வழி கண்டார்.

நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? குந்தும்போது முழங்கால் இடுப்பைவிட உயர்கிறது. செயற்கை மூட்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, பந்தை வெளியே நெம்பிவிடலாம். சுற்றியுள்ள தசைகள் ஆறும்வரை இந்த ஆபத்து அதிகம். கால்மேல் கால் போடுவதும் கூடாது. சிகிச்சை முறைக்கேற்பத் தடைகள் மாறும்; மருத்துவர் சொல்வதே முடிவு.

ஆகவே, சிகிச்சைக்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். உயரமான நாற்காலி, உட்காரும் கழிப்பறை, கைப்பிடி ஆகியவை வேண்டும். வழுக்கும் கால்மிதிகளை அகற்றுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்தால், கெண்டைக்கால் தசை இரத்தத்தை இதயம் நோக்கித் தள்ளும். இரத்தம் உறையும் வாய்ப்புக் குறையும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாட்டியின் கைத்தடி கீழே விழுந்தால், அவர் குனியுமுன் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.