தசை களைப்பது ஏன்?

ராயபுரம் கிடங்குகளில் மூட்டை சுமப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் மூட்டை பஞ்சு. பத்தாவது மூட்டைக்குத் தொடை வெடவெடக்கிறது. சோம்பல் என்று மேஸ்திரி அதட்டினால் நம்பாதீர்கள். அது ரசாயனம்.

லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் தசை களைக்கிறது என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். பாவம், வீண்பழி! அதிலிருந்து வரும் லாக்டேட்டை நம் இருதயம் எரிபொருளாகவே கொள்கிறது.

உண்மையான துப்புக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், ராயபுரத்திலிருந்து வெகு தூரமில்லாத சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்ஸுடன் வெளியேறியவர். 1923-இல் அமெரிக்கா சென்றார். 1927-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, தசையிலே பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் இருப்பதை வெளியிட்டார்.

தசையின் கைச்செலவுக் காசு அது. கடும் பளுவில் சில விநாடிகளிலேயே பெரும்பகுதி செலவாகி, பாஸ்பேட்டை உதிர்க்கிறது. பாஸ்பேட் சேரச் சேர இழைகளின் பிடி தளர்கிறது. தசையைச் சுருங்கத் தூண்டும் கால்சியமும் குறைவாகவே வெளிவருகிறது.

நாலைந்து நிமிடம் உட்கார்ந்தால் காசு ஏறக்குறையத் திரும்பிவிடும். அதற்குப் பிராணவாயு வேண்டும். மூட்டையை இறக்கிய பிறகும் மூச்சு வாங்குவது அதனால்தான்.