வடத்தின் இரு முனைகள்

எட்டியாந்தோட்டைக்கு அண்மையில், இறப்பர்த் தோட்டமொன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், லயங்களிலே தாம் கேட்ட தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் 1990களில் கணினியிற் பதிந்து வைத்திருந்தார். கையெழுத்துக் கொப்பிகளை வெள்ளம் கொண்டுபோயிற்று. எஞ்சியது அக்கணினியின் வன்தட்டு ஒன்றே. “மாஸ்டர், உங்கள் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தடவை பாருங்களேன்” என்று அதனை நம்மிடம் ஒப்படைத்தார்.

அது ‘ஸ்கஸி’ வகையினது. 1986இல் அமெரிக்காவில் நியமமாக்கப்பட்ட அம்முறையில், ஒரே தட்டை வடத்தில் எட்டுக் கருவிகள் வரை வரிசையாகப் பூட்டலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை தனி எண் உண்டு. நம் கல்லூரியில் அத்தகைய பழங்கணினி ஒன்று மூலையிற் கிடந்தது. மாணவர் அதன் வடத்தின் நடுவே இத்தட்டைப் பூட்டினர். எண்களும் மோதவில்லை. ஆயினும் தட்டின் பெயர் திரையில் ஒருமுறை தோன்றும், மறுமுறை மறையும். “தட்டுப் பழுது, சேர்” என்றான் ஒரு மாணவன். நாமும் ஏறத்தாழ நம்பிவிட்டோம்.

பழுது தட்டில் இல்லை. லயத்து வாசலில் துணி உலர்த்தும் கயிற்றை ஒரு முனையில் உதறிப் பாருங்கள். அலை மறுமுனைக் கம்பம் வரை ஓடி, அங்கே மோதித் திரும்பக் காண்பீர்கள். வடத்தில் ஓடும் மின்துடிப்பும் அவ்வாறே. முனையில் அதனை ஏற்று அடக்க ஏதும் இல்லையெனில், திரும்பிவந்து பின்னால் வரும் துடிப்போடு கலந்துவிடும். ஆதலால் வடத்தின் இரு முனைகளிலும் முடிப்புத் தடைகளை வைப்பர். ஒவ்வொரு சமிக்கைக் கம்பிக்கும் 5 வோல்ற்றுப் பக்கம் 220 ஓம் தடை ஒன்று, புவித்தொடுப்புப் பக்கம் 330 ஓம் தடை ஒன்று. பழைய முறை இதுவே.

முனைகள் இரண்டு, முடிப்பும் இரண்டே இருத்தல் வேண்டும். நம் கணினியில் ஒரு முனையில் ஸ்கஸி அட்டையும் மறுமுனையில் அதன் சொந்தத் தட்டும் முடிப்புடன் இருந்தன. நடுவே வந்த விருந்தாளியும் தன் முடிப்பைச் சுமந்தே வந்திருந்தது. இதுவரை தனித்து வாழ்ந்த தட்டல்லவா! அம்மூன்றாவது முடிப்பே சமிக்கையை வலுவிழக்கச் செய்தது.

தட்டின் சுற்றுப்பலகையில் சீப்புப் போன்ற மூன்று தடைக்கோவைகள் செருகப்பட்டிருந்தன. மின்னை நிறுத்தி, அவற்றை நேராக, மெல்லப் பிடுங்கினோம். பின்னொரு நாள் திருப்பிச் செருகும்போது திசை மாறாதிருக்க, புள்ளியிட்ட கால் இருந்த பக்கத்தைக் குறித்துக்கொண்டோம். (சில தட்டுகளில் இதற்குப் பதிலாக ஒரு சிறு தொடுப்பியை மாற்றினாற் போதும்.)

தட்டு எழுந்தது. அனைத்தையும் பிரதியெடுத்த பின்னரே கோப்புகளைத் திறந்தோம். திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்! பாமினி எழுத்துருவை இட்டதும் அது தமிழாயிற்று. இரண்டு கோப்புகள் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

அன்று மாலை தொலைபேசியில் ஒரு தாலாட்டின் முதலடியை வாசித்துக் காட்டினோம். இரண்டாம் அடியை ஆசிரியரே முடித்தார்.