ஜப்பானிய லுத்தரன் சபைகளில் கிறிஸ்து பிறப்புக் காலம்

கிறிஸ்துவின் பிறப்புப் பெருநாளைக் கிறிஸ்தவர் அல்லாதோரே பெரிதும் கொண்டாடும் நாடு ஜப்பான். டிசம்பர் திங்கள் தொடங்குமுன்னரே கடைவீதிகள் விளக்கொளி பெறுகின்றன. பாலேடும் செம்புற்றுப்பழமும் சேர்ந்த 'கிறிஸ்மஸ் கேக்' வீடுதோறும் வாங்கப்படுகிறது. 1974ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க உணவு நிறுவனம் தொடங்கிய விளம்பரத்தின் பயனாக, அன்றிரவு பொரித்த கோழி உண்பதும் வழக்கமாயிற்று. டிசம்பர் 24ஆம் நாள் மாலை, இளைஞர் தம் காதலரோடு உணவருந்தும் மாலையாகக் கருதப்படுகிறது. எனினும் அந்நாட்டு மக்களுள் கிறிஸ்தவர் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே. அதனுள்ளும் லுத்தரன் சபையார் மிகச் சிறிய ஒரு பகுதியினர்.

ஊர் முழுவதும் கொண்டாடும் ஒரு விழாவின் பொருளை அறிந்த சிறு மந்தை, அவ்விழா நாளில் செய்யவேண்டியது யாது? கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஜப்பானிய லுத்தரன் சபைகளைச் சந்திக்கச் செல்வோர் முன் எழும் வினா இதுவே. இக்கட்டுரையில் அச்சபைகளின் வரலாற்றையும் வழிபாட்டையும் தொண்டினையும் இவ்வினாவின் ஒளியில் நோக்குவோம்.

1. பழைய வேர்கள்

ஜப்பானில் கிறிஸ்து பிறப்பு விழா மேலைநாட்டு வணிகத்தோடு வந்த புதுமை என்று எண்ணுதல் பிழையாகும். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவருடைய உடன் ஊழியர் கோஸ்மே தெ தோரெஸ், 1552ஆம் ஆண்டு யமகுச்சி நகரில் ஜப்பானிய விசுவாசிகளைக் கூட்டிக் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியை நடத்தினார்.

1614இல் நாடு முழுவதிலும் கிறிஸ்தவ சமயம் தடைசெய்யப்பட்டது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக் காலம் குருக்களின்றியும் திருமறை நூலின்றியும் மறைவாக வாழ்ந்த விசுவாசிகள், குளிர்காலத்தில் கதிரவன் திரும்பும் நாளையொட்டி ஆண்டவரின் பிறப்பை நினைவுகூர்ந்து வந்தனர். அவ்விழாவை அவர்களுள் சிலர் 'நத்தரா' என்றழைத்தனர். இது 'நத்தால்' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. இலங்கைத் தமிழர் இன்றும் வழங்கும் 'நத்தார்' என்னும் சொல் அதே வேரிலிருந்து தோன்றியதே. தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்ட ஆண்டு 1873. ஆகவே, ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டாடப்பட்ட விழா, இன்று எவ்விதப் பணயமுமின்றிக் கொண்டாடப்படுகிறது. இவ்விரண்டனுள் எது திருச்சபைக்கு எளிதானது என்பது சிந்தித்தற்குரியது.

2. லுத்தரன் திருச்சபையின் தோற்றம்

லுத்தரன் ஊழியம் ஜப்பானில் சற்றுக் காலந்தாழ்ந்தே தொடங்கிற்று. அமெரிக்காவின் தென்பகுதி லுத்தரன் சபைகள் அனுப்பிய ஷெரர், பீரி என்னும் இரு அருட்தொண்டர்கள் 1892இல் வந்தனர். கியூஷூ தீவிலுள்ள சாகா நகரில், 1893ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், உயிர்த்தெழுந்த திருநாளன்று, முதல் வழிபாடு நடந்தது. ஜப்பான் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்நாளையே தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. 1900இல் பின்லாந்து நாட்டு ஊழியர்கள் வந்து சேர்ந்தனர். 1909இல் குமமோட்டோவில் தொடங்கிய இறையியற் பயிற்சி 1925இல் தோக்கியோவுக்கும், 1969இல் அந்நகரின் மேற்கிலுள்ள மித்தாகாவுக்கும் மாறிற்று.

போர்க்காலத்தில் அரசு சமயச் சட்டத்தின்மூலம் புரொட்டஸ்டாண்டு சபைகளை ஒரே அமைப்பினுள் சேர நெருக்கியது. 1941இல் லுத்தரன் சபையாரும் அவ்வமைப்பில் இணைந்தனர். போர் முடிந்தபின், 1947இல், அவர்கள் தம் விசுவாச அறிக்கையின் அடிப்படையில் மீண்டும் தனித்திருச்சபையாயினர். அதன்பின் வந்த நார்வே, அமெரிக்க அருட்பணிகளின் வழியாக வேறு சில லுத்தரன் திருச்சபைகளும் தோன்றின. எனவே 'ஜப்பானிய லுத்தரன் சபைகள்' என்பது ஒரே அமைப்பைக் குறிக்கும் தொடரன்று. இக்கட்டுரை பெரிதும் அவற்றுள் மூத்த திருச்சபையைப் பற்றியதே.

3. விடுமுறையற்ற பெருநாள்

டிசம்பர் 25 ஜப்பானில் பொது விடுமுறை நாளன்று. அலுவலகங்களும் ஆலைகளும் வழக்கம்போல் இயங்குகின்றன. இதில் வியப்பான ஒரு செய்தியும் உண்டு. 1927 முதல் 1947 வரை அந்நாள் விடுமுறையாகவே இருந்தது. தைஷோ பேரரசர் 1926ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தமையே அதற்குக் காரணம். பெத்லகேமில் பிறந்த அரசருக்காக அன்று கூடிய திருச்சபை, மண்ணுலக அரசரின் நினைவுநாள் தந்த ஓய்வைப் பயன்படுத்திற்று. பின்னர் 1989 முதல் 2018 வரை, அகிஹித்தோ பேரரசரின் பிறந்த நாளாகிய டிசம்பர் 23 விடுமுறையாயிருந்தது. பல சபைகள் சிறுவர் விழாவை அந்நாளில் வைத்துக்கொண்டன. 2019 முதல் அவ்வசதியும் இல்லை.

இதன் விளைவு வழிபாட்டு ஒழுங்கைத் தொடுகிறது. பெரும்பாலான சபைகள் 25ஆம் நாளுக்கு முந்திய ஞாயிறன்றே கிறிஸ்து பிறப்பு ஆராதனையை நடத்துகின்றன. அந்த ஞாயிறோ திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. காத்திருத்தலும் நிறைவேறுதலும் ஒரே காலையில் சந்திக்கின்றன. திருச்சபை ஆண்டினை மதித்துப் பேணும் லுத்தரன் மரபினர்க்கு இஃது எளிய முடிவன்று. எனினும் விசுவாசிகள் கூடிவர இயலாத நாளில் ஒழுங்கைக் காப்பதினும், கூடிவரும் நாளில் நற்செய்தியை அறிவிப்பதே மேலானது என்று அவர்கள் துணிந்துள்ளனர்.

4. சபைகளில் நாம் காண்பவை

பல சபைகளில் சாதாரண ஞாயிறன்று கூடுவோர் இருபது அல்லது முப்பது பேரே. அவர்களுள் முதியோர் மிகுதி. ஆயர் ஒருவரே இரண்டு, மூன்று சபைகளைக் கவனிப்பதும் உண்டு. 1974இல் வெளிவந்த 'திருச்சபைப் பாடல்' என்னும் லுத்தரன் பாடல் நூலைக் கையிலேந்தி, திருவழிபாட்டின் மறுமொழிகளை அவர்கள் நிதானமாகப் பாடுகின்றனர். 1970 முதல் இத்திருச்சபையில் பெண்களும் அருட்பொழிவு பெற்று வருகின்றமையால், திருவிருந்து மேடையில் ஆயரம்மையாரைக் காண்பதும் புதுமையன்று.

கிறிஸ்து பிறப்பு ஆராதனையில் நம் உள்ளத்தைக் கவர்வது திருமுழுக்கு. உயிர்த்தெழுந்த திருநாள், பெந்தெகொஸ்தே ஆகியவற்றோடு இப்பெருநாளும் திருமுழுக்குக்குரிய நாளாகக் கொள்ளப்படுகிறது. பெறுபவர் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான். அவர் தம் குடும்பத்தில் முதற் கிறிஸ்தவராகவும், பன்னாள் ஒரே கிறிஸ்தவராகவும் இருப்பார். வீட்டிலுள்ள முன்னோர் பீடத்தின் முன் அவர் எவ்வாறு நடந்துகொள்வார்? அவர் இறந்தால் எந்தக் கல்லறையில் வைக்கப்படுவார்? இவ்வினாக்கள் யாவும் திருமுழுக்குத் தண்ணீரோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே அவ்வொருவருக்காகச் சபையார் அனைவரும் எழுந்து நிற்கும்போது, அங்குள்ள மகிழ்ச்சி எண்ணிக்கையால் அளக்கத்தக்கதன்று. ஆராதனைக்குப் பின் அவரவர் சமைத்துக் கொணர்ந்ததைப் பகிர்ந்துண்ணும் விருந்து நடைபெறுகிறது. முதன்முறை வந்தோர் அவ்விருந்தில் அறிமுகப்படுத்தப்படுகின்றனர்.

பல சபைகளோடு மழலையர் பள்ளிகள் இணைந்துள்ளன. அங்குப் பயிலும் பிள்ளைகளுள் மிகப் பலர் கிறிஸ்தவரல்லாத இல்லங்களைச் சேர்ந்தோர். அப்பிள்ளைகளே மரியாளாகவும் யோசேப்பாகவும் மேய்ப்பராகவும் வேடமணிந்து பிறப்பு நாடகத்தை நடிக்கின்றனர். பார்வையாளராக வரும் பெற்றோரும் தாத்தா பாட்டியரும், லூக்கா 2ஆம் அதிகாரத்தைத் தம் பிள்ளைகளின் வாய்மொழியாகவே முதன்முதல் கேட்கின்றனர்.

டிசம்பர் 24ஆம் நாள் மாலை மெழுகுதிரி ஆராதனை நடைபெறும். ஆண்டில் அந்த ஒரு மாலை மட்டும் ஆலயம் நிறைந்துவிடும். வருவோருள் அயலாரே பலர். மின்விளக்குகள் அணைக்கப்பட, திரியிலிருந்து திரிக்கு ஒளி கடத்தப்படுகிறது. சபையின் ஒழுங்கறியாதவரும், பாடலின் மெட்டை மட்டும் கடைவீதியில் கேட்டறிந்தவரும், கையில் ஒளியேந்திச் சபையாரருகே நிற்கின்றனர். பல சபைகளுக்குப் பொறுப்பான ஆயர், பிற்பகலில் ஓரிடத்தும் இரவில் மற்றோரிடத்தும் இவ்வாராதனையை நடத்திவிட்டு வீடு திரும்புகிறார்.

5. பத்து நிமிட அருளுரை

அம்மாலையில் ஆயர் பேசக்கூடிய நேரம் பத்து நிமிடமே. கேட்போர் ஆபிரகாமையும் அறியார், தாவீதையும் அறியார். 'கடவுள்' என்பதற்கு அவர் பயன்படுத்தும் 'காமி' என்னும் சொல்லே, ஷிந்தோ ஆலயங்களில் வணங்கப்படும் எண்ணற்ற தெய்வங்களையும் குறிப்பது. இத்துன்பம் புதியதன்று. லுத்தரன் அருட்தொண்டராகிய கார்ல் குட்ஸ்லாஃப், கடலில் திசைதப்பிய மூன்று ஜப்பானிய மாலுமிகளின் துணையோடு யோவான் நற்செய்தியை மொழிபெயர்த்தார். அது 1837இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. அதன் முதல் அதிகாரத்திலுள்ள 'வார்த்தை' என்பதற்கு அவர்கள் கண்ட சொல் 'கஷிக்கோய் மோனோ', அதாவது 'அறிவு மிக்கவர்' என்பதாம். இன்று நமக்கு இது குறையுடையதாகத் தோன்றலாம். ஆயினும் அம்மாலுமிகள் செய்த முயற்சியையே ஒவ்வொரு டிசம்பர் 24 மாலையும் ஜப்பானிய ஆயர் மீண்டும் செய்யவேண்டியுள்ளது. வார்த்தை மாம்சமானது என்பதை, அவ்வார்த்தைக்கே சொல்லில்லாத இடத்தில் அவர் சொல்லவேண்டும்.

6. சத்திரத்தில் இடமில்லாதோர்

ஓசகா நகரின் காமகசாக்கிப் பகுதி, நாட்கூலித் தொழிலாளர் பெருந்திரளாகத் தங்கிய இடம். ஆண்டிறுதியில் வேலை வழங்கும் நிலையங்கள் மூடப்படும்போது, கூலியிழந்தோர் கடுங்குளிரில் தெருவிலேயே உறங்க நேரிடும். 1970 முதல் அங்கு ஆண்டுதோறும் 'எத்தோ', அதாவது 'குளிரைக் கடத்தல்' என்னும் கூட்டு முயற்சி நடைபெற்று வருகிறது. உணவு சமைத்து வழங்குவதும், இரவில் தெருத்தெருவாகச் சென்று உறங்குவோரை எழுப்பி நலம் கேட்பதும் அதன் பகுதிகள். லுத்தரன் திருச்சபை 1976இல் அப்பகுதியில் 'கிபோ நோ இயே' என்னும் இல்லத்தைத் தொடங்கி, குடிப்பழக்கத்தினின்று மீள விரும்பும் தொழிலாளருக்குத் துணைநின்றது. பிற சபையாரோடு சேர்ந்து குளிர்காலத் தொண்டிலும் பங்குகொண்டது.

இது தனித்ததொரு முயற்சியன்று. 1919இல் மாட் பவுலஸ் அம்மையார் குமமோட்டோவில் நிறுவிய 'ஜியாய்என்' இல்லம், ஆதரவற்ற சிறுவர்க்கும் முதியோர்க்கும் புகலிடமாயிற்று. 2011ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திற்கும் ஆழிப்பேரலைக்கும் பின், லுத்தரன் சபைகள் வடகிழக்குப் பகுதியில் ஆற்றிய தொண்டிற்கு 'தொனாரிபித்தோ', அதாவது 'அயலான்' என்றே பெயரிட்டன. மெழுகுதிரி ஆராதனையில் அயலாராக வந்து நிற்போரும் இத்தொண்டில் நாம் சென்று காணும் அயலாரும் ஒருவரே என்பதை இச்சபைகள் நன்கறிந்துள்ளன.

7. கடவுளின் வேதனையும் பெத்லகேமும்

குமமோட்டோவில் பிறந்து, லுத்தரன் இறையியற் கல்லூரியில் பயின்ற கசோ கித்தமோரி, 1946இல் 'கடவுளின் வேதனையைப் பற்றிய இறையியல்' என்னும் நூலை வெளியிட்டார். அரவணைக்கத்தகாதவரை அரவணைக்கும் அன்பே கடவுளின் வேதனை என்பது அவர் கருத்து. பிறருக்காகத் தன் பிள்ளையை ஈடாகக் கொடுக்கும் பெற்றோரைச் சித்திரிக்கும் ஜப்பானிய நாடக மரபிலிருந்து அவர் இதற்கு விளக்கம் தேடினார். அவருடைய சிந்தனைக்கு ஊற்றாயிருந்த திருமறைப் பகுதி எரேமியா 31:20. மத்தேயு தம் 2ஆம் அதிகாரத்தில், பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்டமையைக் கூறுமிடத்து எடுத்தாளும் பகுதியோ எரேமியா 31:15. ராகேலின் அழுகைக்கும் கடவுளின் உள்ளக் கொதிப்பிற்கும் இடையே நான்கு வசனங்களே உள்ளன. இவ்விரண்டையும் இணைத்துப் படிக்கும்போது, கிறிஸ்து பிறப்பு விழா இனிமையான ஒரு மாலைப்பொழுதாக முடிந்துவிட இயலாது. முன்னணையின்மேல் சிலுவையின் நிழல் படிந்திருப்பதை நாம் உணர்வோம்.

8. ஆண்டின் இறுதியும் சபையின் நாளையும்

25ஆம் நாள் கழிந்த உடனே கடைகளில் பச்சைமரங்கள் அகற்றப்பட்டுப் புத்தாண்டு அலங்காரங்கள் இடம்பெறுகின்றன. 31ஆம் நாள் நள்ளிரவில் புத்தர் கோயில்களின் மணி 108 முறை ஒலிக்கிறது. மறுநாள் மக்கள் திரள் ஷிந்தோ ஆலயங்களுக்குச் செல்கிறது. பல சபைகள் அதே காலையில் புத்தாண்டு ஆராதனைக்குக் கூடுகின்றன. இயேசுவுக்குப் பெயரிட்ட நாள் அது. ஊரார்க்கு முடிந்துபோன விழா சபையாருக்கு எட்டாம் நாளையே எட்டியுள்ளது.

இச்சபைகளின் எதிர்காலம் கவலைக்குரியதே. முதியோர் மறைய, இளையோர் குறைகின்றனர். மித்தாகாவிலுள்ள லுத்தரன் பல்கலைக்கழகம் 2025 முதல் புதிய மாணவரைச் சேர்ப்பதில்லை என 2024இல் அறிவித்தது. ஆயர்களுக்கான இறையியற் பயிற்சி மட்டும் தொடர்கிறது. இந்நிலையில் அவர்கள் ஏராளமான அயலாரைக் கண்டு வெற்றி கொண்டாடுவதுமில்லை, மறு ஞாயிறு அவர்கள் வராமையைக் கண்டு வழிபாட்டைச் சுருக்குவதுமில்லை. திரி ஏற்றித் தருவது தம் கடமை என்றும், அது எரிவது ஆண்டவரின் செயல் என்றும் நம்பி நிற்கின்றனர்.

நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் கிறிஸ்து பிறப்பு விழா நமக்கே உரியதாய், நம் புத்தாடையும் பலகாரமுமாய்ச் சுருங்கிவிடும் இடர் என்றும் உண்டு. விழாவை ஊராரிடம் பறிகொடுத்த ஒரு சிறு திருச்சபை, அதே ஊராரின் நடுவில் நின்று அதன் ஆண்டவரை அறிவிக்கிறது. ஆயராகிய நாமும் ஆயராகப் பயில்வோரும் அடுத்த கிறிஸ்து பிறப்பு அருளுரையை எழுத அமரும்போது, ஆபிரகாமையும் தாவீதையும் அறியாத ஒருவர் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பதாக எண்ணி எழுதுவோமாக.